பச்சை உடம்பு

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை பெற்றவள் உடம்பைப் பற்றிய பேச்சு என்று மைக்கில் சொன்னதும் ஆம்பிளைகளில் பாதிப்பேர் எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விட்டார்கள். இது பொம்பளைகள் சமாச்சாரம், நமக்கென்ன என்ற நினைப்பு. யாராவது ஒரு பையனை அனுப்பி அவர்களைக் கூட்டிவரச் சொல்லுங்கள். இன்றைக்குச் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அவர்கள் காதில் விழ வேண்டிய சங்கதி.

மாசமாக இருக்கிற பெண்ணுக்கு நம் ஊரில் யாரும் குறை வைப்பதில்லை. வளைகாப்பு போடுகிறோம், வகைவகையாகச் சோறு கட்டுகிறோம், மசக்கைக்குக் கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறோம். பிள்ளை பிறந்த நிமிஷத்தில் எல்லோர் கண்ணும் பிள்ளை மேல் போய்விடுகிறது. மூக்கு யாரைப்போல, நிறம் யாரைப்போல என்று பேச்சு. பெற்றவள் சுவரோரமாகப் படுத்திருப்பாள். "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க" என்று ஒரே வார்த்தையில் அவள் கணக்கு முடிந்துவிடும். நல்லா இருக்கியா என்று அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பச்சை உடம்பு என்று நம் பெரியவர்கள் சொன்னது சரியான வார்த்தை. உள்ளே ஆறாத புண் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நஞ்சுக்கொடி பிரிந்து வந்த இடம் கருப்பையின் உள்சுவரில் ஒரு பச்சைப் புண்தான். அது ஆறி, உடம்பு பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 6 வாரம், அதாவது 42 நாள் பிடிக்கும். சில சங்கதிகளுக்கு ஆறு மாசமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும்.

கருப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்தவுடனே அதன் எடை சுமார் 1 கிலோ. தொப்புள் மட்டத்தில் உருண்டையாக, கெட்டியாக, கைக்குத் தட்டுப்படும். பிறகு தினம் ஒரு விரல்கடை அளவு கீழே இறங்கி, பத்துப் பதினாலு நாளில் இடுப்பெலும்புக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆறு வாரத்தில் ஒரு சின்னப் பேரிக்காய் அளவுக்கு வந்துவிடும். பிள்ளை பால் குடிக்கும்போது அடிவயிறு பிசைகிற மாதிரி வலிக்கிறதே, அது இந்தக் கருப்பை சுருங்குகிற வலிதான். முதல் பிள்ளைக்கு அவ்வளவாகத் தெரியாது. இரண்டாவது மூன்றாவது பிள்ளைக்கு நன்றாகவே வலிக்கும். "சூடு பிடிச்சிருச்சு, பால் கொடுக்காதே" என்று சொல்லக் கூடாது. பால் கொடுக்கக் கொடுக்கத்தான் கருப்பை சுருங்கும், உதிரப்போக்கும் கட்டுப்படும்.

உதிரம் எத்தனை நாளைக்குப் போகும் என்று கேட்கிறார்கள். முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாகப் போகும். பிறகு பழுப்பு கலந்து நிறம் குறையும். பத்து நாளுக்குப் பின் வெளுத்த மஞ்சளாகி, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் நின்றுவிடும். இதற்குள் நாற்றம் எடுத்தாலோ, குறைந்த உதிரம் மறுபடி அதிகமாகிக் கொட்டினாலோ அது சரியில்லை.

துணியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் தரும் பஞ்சுப் பட்டை தீர்ந்ததும் வீட்டில் பழைய சேலைத் துணியை எடுக்கிறோம். எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அதைச் சோப்புப் போட்டு அலசி எங்கே காயப்போடுகிறோம்? யார் கண்ணிலும் படக் கூடாது என்று கொடியில் மற்ற சேலைக்கு அடியில், இல்லையென்றால் மாட்டுக்கொட்டகை இருட்டில். வெயில் படாத துணியில் கிருமி சாகாது. அந்தத் துணியைப் பச்சைப் புண்ணுக்குப் பக்கத்தில் வைக்கிறோம். நல்ல வெயிலில் காய்ந்த துணிதான் வேண்டும். 4 மணிக்கு ஒருதரமாவது மாற்ற வேண்டும். மாற்றும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தையல் போட்ட இடத்தை முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

கை கழுவுவது சின்னக் காரியம் மாதிரித் தெரியும். 1847-ல் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் செம்மல்வெய்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அங்கே டாக்டர்கள் பிரசவம் பார்க்கும் வார்டில் அந்த வருஷம் ஏப்ரல் மாசம் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு செத்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு வந்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வர வேண்டும் என்று சட்டம் போட்டார். ஜூன் மாசத்தில் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்துவிட்டது. மருந்தில்லை, மாத்திரையில்லை, கை கழுவினதுதான். அப்போதும் அவர் பேச்சைப் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. படித்தவர்களுக்கும் பிடிவாதம் உண்டு.

அடுத்தது தண்ணீர். ஆத்தாமார்கள் கோவித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீரோடு நிறுத்துகிற வீடு இன்னும் இருக்கிறது. அந்தத் தாய் உதிரம் இழந்தவள். வியர்த்துக் கொட்டுகிறவள். பிரசவமான முதல் வாரத்தில் ராத்திரி வியர்ப்பது சகஜம், கர்ப்பத்தில் சேர்ந்த நீரை உடம்பு வெளியே தள்ளுகிறது. அதோடு நாளெல்லாம் பால் சுரக்கிறவள். அவளுக்குத் தண்ணீரை மறித்தால் நீர்க்கடுப்பு வரும், மலம் கட்டும். தையல் போட்ட இடத்தோடு மலச்சிக்கலும் சேர்ந்தால் அந்த வேதனையை நான் மேடையில் சொல்ல முடியாது, பட்டவர்களுக்குத் தெரியும். வயிறு பெருப்பது தண்ணீரால் இல்லை. பத்து மாசம் இழுபட்ட தசை தளர்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். காய்ச்சி ஆறின தண்ணீரைத் தாகத்துக்குத் தக்கபடி கொடுங்கள். ஒவ்வொரு தரம் பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும். அதை யார் கொண்டுவந்து வைப்பது? புருஷன் கொண்டுவந்து வைக்கலாமே, கை தேய்ந்தா போகும்?

பத்தியத்தில் நல்லதும் இருக்கிறது. பூண்டு, கருவாடு, மீன், சுக்கு மிளகு போட்ட ரசம் இதையெல்லாம் விட வேண்டாம். பத்தியம் என்ற பேரில் கீரையையும் காயையும் பழத்தையும் பருப்பையும் நிறுத்துவதைத்தான் விட வேண்டும். முதல் ஆறு மாசம் பால் கொடுக்கிற தாய்க்கு வழக்கத்தை விட தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும். கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, கடலை, ஒரு டம்ளர் பால், நம் ஊரில் கிடைக்கிறதே போதும். எல்லோரும் சாப்பிட்டு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிற வழக்கத்தை இந்த ஆறு மாசத்துக்காவது ஒதுக்கி வையுங்கள். லேகியம் அளவோடு சாப்பிடலாம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள், தினம் ஒன்று, இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டும். கால்சியம் மாத்திரையும் அதே போல 180 நாள். இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள், ஒன்றை ஒன்று உடம்பில் சேரவிடாது. டீ காபியோடும் இரும்பு மாத்திரை வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டியதில்லை.

வயிற்றில் துணி கட்டுவது பற்றிக் கேட்பீர்கள். தளர்வாகக் கட்டினால் இடுப்புக்கு ஒத்தாசையாக இருக்கும், அதில் கெடுதலில்லை. கயிறு முறுக்குகிற மாதிரி இறுக்கிக் கட்டினால் வயிறு உள்ளே போகாது. அழுத்தமெல்லாம் கீழே இறங்கி அடித்தசைதான் கெடும். அதே போல, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை இடுப்பில் விளாசி ஊற்றுவது. சுகப்பிரசவமோ ஆபரேஷனோ, தோல் வெந்துபோகிற சூடு யாருக்கும் ஆகாது. ஆபரேஷன் தையல் மேல் படவே கூடாது, அந்த இடம் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஆபரேஷன் ஆனவள் மல்லாந்தபடி எம்பி எழக் கூடாது. ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். ஆறு வாரத்துக்குத் தன் பிள்ளையை விடக் கனமானது எதையும் தூக்க வேண்டாம். தண்ணிக்குடம், நெல்மூட்டை, மாட்டுக்குத் தழைக்கட்டு எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்காக நாற்பது நாளும் படுத்தே கிடக்கவும் கூடாது. எழுந்து மெல்ல நடந்தால்தான் காலில் இரத்தம் கட்டாது.

மூன்றாம் நாள் நான்காம் நாள் மார்பு கல்லாகக் கட்டும். அடிக்கடி பிள்ளைக்குக் கொடுப்பதுதான் வைத்தியம். கொடுக்கும் முன் வெதுவெதுப்பான துணி ஒற்றடம், கொடுத்த பின் குளிர்ந்த துணி. ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சலும் வந்தால் உடனே காட்ட வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் பாலை நிறுத்த வேண்டாம். காம்பு வெடித்தால் பிள்ளை காம்பை மட்டும் பிடித்துச் சப்புகிறது என்று பொருள், கறுப்பு வட்டமும் வாய்க்குள் போகும்படி பிள்ளையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள்.

முடி கொட்டுவது மூன்று நான்கு மாசத்தில் தொடங்கும். சீப்பில் கொத்தாக வருவதைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. தானாக நிற்கும், ஒரு வருஷத்துக்குள் பழையபடி முளைத்துவிடும். வயிற்றுக் கோடுகள் சிவப்பு மாறி வெளுக்கும், முழுக்க மறையாது. எந்த எண்ணெய் விற்கிறவன் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள்.

இனிமேல் சொல்வதை யாரும் மேடையில் பேசுவதில்லை. நான் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு ஊரில் ஒரு பெண். இரண்டு பிள்ளை பெற்றவள், வயசு முப்பதுக்குள். தம்பி கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. "திமிரு, பொறந்த வீட்டை மறந்துட்டா" என்று ஊரெல்லாம் பேச்சு. புருஷனும் அப்படித்தான் நினைத்தான். ஒருநாள் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்தவள், எல்லோரும் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அக்கா, பஸ்ஸு குலுங்கினா எனக்குச் சேலை நனைஞ்சிருது." இருமினால் போகிறது, தும்மினால் போகிறது, குடம் தூக்கினால் போகிறது. முதல் பிள்ளையிலிருந்தே ஏழு வருஷம் இப்படி. பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் இரண்டாம் பிள்ளைக்குப் பிறகு அதே தொந்தரவு இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற செவிலியர் நான், என் வீட்டுக்காரரிடம் ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவமானம் படித்தவள் படிக்காதவள் என்று பார்ப்பதில்லை.

இது நோயுமில்லை, சாபமுமில்லை. பிள்ளை இறங்கிவரும்போது மூத்திரப்பையையும் கருப்பையையும் தாங்குகிற அடித்தசை இழுபட்டுத் தளர்கிறது. தளர்ந்த தசையைப் பயிற்சியால் இறுக்கலாம். சபையில் காற்றுப் பிரியாமல் அடக்குகிறோமே, அந்த மாதிரி கீழ்த்தசையை உள்ளே இழுத்துப் பிடியுங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். விடுங்கள். மறுபடி ஐந்து எண்ணும்வரை இளைப்பாறுங்கள். ஒரு நேரத்துக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று நேரம். மூச்சை அடக்க வேண்டாம், வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம். பால் கொடுக்கும்போது செய்யலாம், அடுப்படியில் நின்று செய்யலாம், யாருக்கும் தெரியாது. சுகப்பிரசவமானவர்கள் சில நாளிலேயே தொடங்கலாம். ஒரு வாரம் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், மூன்று மாசம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். அப்படியும் சரியாகவில்லை என்றாலோ, கீழே ஏதோ சதை இறங்கி நிற்கிற மாதிரி இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கும் வழி இருக்கிறது. அந்தப் பெண் மூன்றாம் மாசம் பஸ்ஸில் டவுனுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். வேற ஒரு வேலையும் இல்லை, பஸ்ஸில் வந்தேன் என்று காட்டத்தான் வந்தாள்.

டீக்கடைக்குப் போனவர்கள் வந்துவிட்டீர்களா? உட்காருங்கள் தம்பி.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் நான்காம் நாள் உங்கள் வீட்டுக்காரி காரணமில்லாமல் அழுவாள். உடம்பில் சுரப்புகள் சட்டென்று மாறுவதும், தூக்கமில்லாததும் காரணம். இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். தெளியாமல், தூக்கம் வராமல், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல், செத்துப்போனால் தேவலை என்று சொல்கிறாள் என்றால் அது கொழுப்புமில்லை, பேயுமில்லை. கோடங்கியிடம் கூட்டிப் போகாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ பேசுகிற சத்தம் கேட்கிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும். பிள்ளையோடு அவளைத் தனியே விடக் கூடாது.

இன்னொன்று. காய்ச்சல் வந்தாலும் ஜன்னி என்கிறோம், வலிப்பு வந்தாலும் ஜன்னி என்கிறோம். பேர் எதுவாக இருந்தாலும் பிரசவமான உடம்புக்கு இரண்டும் ஆபத்து. கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, இவை வலிப்புக்கு முன்னடையாளம். பிள்ளை பிறந்த பிறகும் இரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தால், எலுமிச்சம்பழம் போலக் கட்டி கட்டியாக உதிரம் போனால், ஆள் வெளுத்துக் கை கால் சில்லிட்டால், 108-ஐக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றவர்களிடம் யோசனை கேட்க வேண்டும். காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினாலும், ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் விடியட்டும் என்று பொறுக்காதீர்கள். தீட்டு வீட்டுக்குள் ஆம்பிளை போகக் கூடாது என்று வாசலில் நிற்கிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? உள்ளே போய்ப் பாருங்கள்.

சேர்ந்து படுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உதிரம் நின்று, தையல் ஆறின பிறகு, பொதுவாக ஆறு வாரம் கழித்து. அதுவும் அவள் மனசு வைத்தால். பால் கொடுக்கிற காலத்தில் அந்த இடம் வறண்டிருக்கும், வலிக்கும். ஆசை குறைந்துவிட்டது, தன்னை வெறுக்கிறாள் என்று நினைத்து மனசு கசந்த ஆண்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு தொங்குகிறது என்று கேலி பேசினவர்களையும் பார்த்திருக்கிறேன். கேலி விளையாட்டுக்குத்தான் என்பார்கள். அதைக் கேட்டவள் பத்து வருஷம் கழித்தும் அந்த வார்த்தையைச் சொல்லி அழுகிறாள்.

மாதவிலக்கு வராத வரைக்கும் கரு தங்காது என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. முதல் விலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடும். பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, விலக்கும் வராமல் இருந்தால் மட்டும் அது காப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் காப்பு போச்சு. புண் ஆறுவதற்குள் மறுபடி தங்கினால் தாய்க்கு இரத்தமே இருக்காது. இரண்டு பிள்ளைக்கு நடுவில் மூன்று வருஷம் இடைவெளி வையுங்கள். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். பால் கொடுக்கிறவர்களுக்கு ஆறு வாரத்துக்குப் பின் மூன்று மாசத்துக்கு ஒருதரம் போடும் அந்தாரா ஊசி இருக்கிறது. சாயா மாத்திரையும் பாலைக் குறைக்காது. ஆணுறை எப்போதும் இருக்கிறது. யாருக்கு எது ஒத்துவரும் என்று செவிலியர் பார்த்துச் சொல்வார். பிள்ளைகள் போதும் என்று முடிவானால், பிரசவித்து அலுத்த உடம்பையே மறுபடி கத்திக்கு அனுப்புவானேன்? ஆண்களுக்குக் கத்தியில்லாத, தையலில்லாத நவீன வாசக்டமி சில நிமிஷ வேலை. ஆண்மை குறையாது, ஏர் பிடிக்கவும் மூட்டை தூக்கவும் தடையில்லை. செய்த பின் மூன்று மாசம் ஆணுறை போட்டு, பிறகு விந்துவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதை மறந்துவிட்டு அப்புறம் வீட்டுக்காரி மேல் சந்தேகப்படாதீர்கள்.

பிள்ளை பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு உண்டு. செவிலியர் வந்தால் பிள்ளையை மட்டும் நீட்டாதீர்கள், தாயும் வந்து உட்காரட்டும். மாமியார் கொஞ்சம் வெளியே போய் இருந்தால் நல்லது, சில சங்கதி அவள் தனியாகத்தான் சொல்வாள்.

இப்போது கூட்டம் முடிந்ததும் நான் பள்ளிக்கூடத்து உள்ளறையில் ஒரு மணி நேரம் இருப்பேன், கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஆண்களுக்கு வாசல் வேப்பமரத்தடியில் சுகாதார ஆய்வாளர் உட்கார்ந்திருக்கிறார். எதைக் கேட்டாலும் சிரிக்க மாட்டார்.